பதினொரு வயது நாய்க்குப் பித்தப்பை ஆபரேஷன் செய்யலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

கோபிக்காரன்:

வணக்கம்ங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் சின்னு என்று ஒரு பொமரேனியன் கலப்பு இருக்கிறான், ஆண், பதினொரு வயது, எடை 10 கிலோ, அவன் உடம்புக்கு அது கொஞ்சம் அதிகம்தான். இதுவரை உண்ணிக்காய்ச்சல் ஒரு தடவை வந்தது, மற்றபடி பெரிதாக எதுவும் வந்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். விருந்து முடிந்து மிச்சமான பள்ளிபாளையம் சிக்கனை யாரோ சின்னுவுக்கும் வைத்துவிட்டார்கள், எண்ணெயோடு. மறுநாள் காலையில் மஞ்சளாக வாந்தி. உள்ளூர் டாக்டர் ஊசி போட்டார், இரண்டு நாள் நன்றாக இருந்தான், மறுபடி வாந்தி. அதற்குப் பிறகு அரிசிம்பருப்புச் சோறு வைத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். நெய் வாசனைக்கு அடுப்படி வரை ஓடி வருகிறவன் அவன். இன்னொன்று, முன்னங்கால் இரண்டையும் நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நிற்பான். சோம்பல் முறிக்கிறான் என்று நினைத்து நாங்கள் விட்டுவிட்டோம். அது வயிற்று வலிக்கான நிலை என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

ஈரோட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கல்லீரல் நொதிகளான ஏஎல்பி 1,140, ஏஎல்டி 420, காமாலையைக் காட்டும் பிலிருபின் 1.4, எல்லாமே அதிகம். கோவைக்கு அனுப்பினார்கள். நேற்று அங்கே ஸ்கேன். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பித்தப்பை கறுப்பாக, தெளிவாகத் தெரிய வேண்டுமாம். சின்னுவுக்கு நடுவில் ஒரு திட்டும் அதைச் சுற்றி ஓரம் வரை ஓடும் கோடுகளுமாக, கிவிப் பழத்தைக் குறுக்கே அறுத்து வைத்த மாதிரி இருந்தது. இதற்கு மியூக்கோசீல் என்று பெயர், பித்தநீர் ஜெல்லி மாதிரி இறுகிவிட்டது, இன்னும் வெடிக்கவில்லை, சீக்கிரம் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்றார். வயதை நினைத்துத் தயங்கி இன்னொரு டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் மாத்திரை கொடுத்து ஒரு மாதம் பார்க்கலாம் என்கிறார்.

அம்மா, "பதினோரு வயசு நாயை எதுக்கு சாமி கத்தில போடோணும், இருக்கிற வரைக்கும் நல்லாப் பாத்துக்குவோம்" என்கிறார். அவர்தான் இவனைக் குட்டியிலிருந்து வளர்த்தவர். செலவு அறுபதாயிரம் வரை ஆகும் என்றார்கள், கஷ்டம்தான், ஆனால் புரட்டிவிடலாம். பயமெல்லாம் மேஜை மேலேயே போய்விடுவானோ என்பதுதான். உங்கள் வீட்டு நாய்க்கு இது வந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

தோட்டத்து வீடு:

தம்பி, நான் பொள்ளாச்சி பக்கம். மஞ்சள் காமாலை என்றால் எங்கள் ஊரில் கீழாநெல்லியை வேரோடு அரைத்து ஆட்டுப்பாலில் கொடுப்போம், மனுசனுக்கும் சரி, கன்றுக்குட்டிக்கும் சரி. போன வருடம் எங்கள் தோட்டத்து நாய்க்கு மூத்திரம் மஞ்சளாகப் போனபோது ஐந்து நாள் கொடுத்தேன், எழுந்து நடமாடிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் அதை ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்கள். வயதான ஜீவனுக்கு மயக்க மருந்தே பெரிய கண்டம்.

நொய்யல்கரை:

கோபிக்காரரே, நான் திருப்பூர். இதை எழுத வேண்டுமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பீகிள் இருந்தாள், ஒன்பது வயது. 2022 ஆடி மாதத்தில் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த்தான் மியூக்கோசீல் இருப்பது தெரிந்தது. அன்றைக்கு அவளுக்கு வாந்தியும் இல்லை, காமாலையும் இல்லை, வாசலில் கொய்யாப்பழக்காரரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தாள். இப்போதே எடுத்தால் நல்லது என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார். நல்லா இருக்கிற பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் அறுக்கக் கொடுப்பது? மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். ஒரு மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள், கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம், என்னால் போக முடியவில்லை. அடுத்த மாதமும் தள்ளிப் போனது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு திடீரென்று நடுங்க ஆரம்பித்தாள். வயிற்றில் கை வைத்தால் கத்தினாள், அவள் வாழ்நாளில் எங்களைப் பார்த்து உறுமியதே கிடையாது, அன்றைக்கு உறுமினாள். காலையில் பார்த்தால் காது மடலின் உள்பக்கம் மஞ்சள் தடவின மாதிரி இருந்தது. கோவை போய்ச் சேரும்போது மணி பதினொன்று. பித்தப்பை வெடித்துப் பித்தநீர் வயிறு முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள். அதே நாள் ஆபரேஷன் செய்தார்கள், நன்றாகத்தான் முடிந்தது என்றும் சொன்னார்கள், ஆனால் ரத்த அழுத்தம் ஏறவே இல்லை. இரண்டாம் நாள் விடியற்காலை போய்விட்டாள்.

டாக்டர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் நாளே சரியாகத்தான் சொன்னார்கள். உங்கள் அம்மா சொல்வது பாசத்தில்தான், நானும் அப்படித்தான் சொன்னேன். நாங்கள் கத்தியை வேண்டாம் என்று சொன்னதால் அவள் கத்தியிலிருந்து தப்பிக்கவில்லை, அதைவிட மோசமான நாளில் அதே மேஜைக்குத்தான் போனாள். அதை மட்டும் அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர்:

இந்தத் திரியை என் மகள் காட்டினாள். நாமக்கல் கால்நடைக் கல்லூரி 1985-இல் தொடங்கியது, அதன் ஆரம்ப வருடங்களில் அங்கே படித்தவன் நான். அரசு வேலையில் பெரும்பாலும் காங்கேயம், தாராபுரம் பக்கம் மாடும் எருமையும்தான் பார்த்தேன், ஓய்வுக்குப் பிறகு நாய் பூனை அதிகம் பார்க்கிறேன். நாயை நேரில் பார்க்காமல் இப்படிச் செய் என்று சொல்ல மாட்டேன், அதைக் கையில் பிடித்துப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நீங்களே முடிவு எடுப்பீர்கள், அதனால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கி வைத்து, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி, கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்கு வந்ததும் சுருங்கி வெளியே தள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகச் சிறுகுடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும், நாய் நன்றாகவே வாழும். முதலில் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், ஏதோ உயிர் நிலையையே அறுத்து எடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்.

மியூக்கோசீலில் என்ன ஆகிறது என்றால், பித்தப்பையின் உள்சுவர் சளியை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அது பித்தநீரோடு சேர்ந்து நாள்பட நாள்பட இறுகிப்போகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் முற்றின நுங்கு மாதிரி ரப்பராக இருக்கும், நிறம் மட்டும் கரும்பச்சை. பை சுருங்கினாலும் அது வெளியே போகாது. உள்ளே சேரச் சேரச் சுவர் விரிந்து, அதற்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, ஒரு இடத்தில் சுவர் செத்துப்போய்க் கிழிகிறது. அல்லது ஜெல்லித் துணுக்கு பித்தநாளத்தில் போய் அடைத்துக் காமாலை வருகிறது. இரண்டும் ஒரே நாளில் வருவதும் உண்டு. நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது, இதில் உள்ள பெரிய சிக்கலே அதுதான்.

ஸ்கேனில் வெறும் கசடு தெரிவது வேறு. வயதான நாய்களில் பாதிக்கு மேல் ஏதாவது கொஞ்சம் கசடு தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாயைப் புரட்டிப் படுக்க வைத்தால் கசடு நகர்ந்து அடியில் போய்ப் படியும். மியூக்கோசீல் நகராது, கோடுகளோடு அப்படியே நிற்கும். உங்களுக்குக் காட்டிய கிவிப் பழ உருவம் முற்றிய மியூக்கோசீலின் அடையாளம். அதோடு வாந்தி, சாப்பாடு மறுப்பு, வயிற்று வலி, பிலிருபின் ஏற்றம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. படமும் நோயும் ஒன்றாக இருக்கும்போது எடுத்துவிடுவதுதான் பொதுவாக நாங்கள் சொல்வது. திட்டமிட்டு, நாய் தெம்பாக இருக்கும்போது செய்வதற்கும் வெடித்த பிறகு ஓடுவதற்கும் ஆபத்தில் பல மடங்கு வித்தியாசம். நொய்யல்கரை அம்மா எழுதியதைப் படித்து எனக்கும் கஷ்டமாக இருந்தது, இதே கதையை நான் வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை சொன்ன டாக்டரும் தவறாகச் சொல்லவில்லை. உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை, கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் கணக்கு, பித்தநீரைத் தளர்த்தி ஓடவிடும். கொழுப்பு குறைந்த சாப்பாட்டோடு கொடுத்து, நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்ப்பார்கள். சில நாய்களுக்கு அதிலேயே கரைந்தும் போயிருக்கிறது. ஆரம்ப நிலையில், நாய்க்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தால், அல்லது இதயம் கெட்டு மயக்க மருந்தே தாங்காது என்றால் அந்த வழியில் போகலாம். பித்தநாளம் முழுக்க அடைத்திருந்தால் அந்த மாத்திரை கொடுக்கவே கூடாது, உள்ளே அழுத்தம் கூடிவிடும். டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்காதீர்கள்.

பொள்ளாச்சி அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ள வேண்டாம், கீழாநெல்லி எனக்கும் பிடித்த மூலிகைதான். ஆனால் காமாலை என்பது நோயின் பெயர் இல்லை, ஒரு அடையாளம். நம் பக்கத்து நாய்களுக்கு உண்ணியால் வரும் பேபீசியாவில் ரத்த அணு உடைந்து காமாலை வரும், ஈறு வெளுத்து மஞ்சளாக இருக்கும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். எலி மூத்திரத்தால் வரும் லெப்டோவில் கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து அடிவாங்கும், அது அந்த நாயின் மூத்திரத்திலிருந்து நமக்கும் தொற்றும், அதனால் காமாலை வந்த எந்த நாயின் மூத்திரத்தையும் உறை போடாத கையால் துடைக்காதீர்கள். பித்தநாளம் அடைத்தால் வருவது மூன்றாவது வகை, அது முழுக்க அடைத்தால் மலம்கூட நிறமிழந்து களிமண் மாதிரி போகும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. உங்கள் தோட்டத்து நாய் பிழைத்தது சந்தோஷம், அதற்கு என்ன வந்தது என்று இப்போது சொல்ல முடியாது. சின்னுவுக்கு என்ன என்று திரையிலேயே தெரிந்துவிட்டது, ஜெல்லியாக இறுகிப்போனதைக் கீழாநெல்லி இளக்காது.

கோபிக்காரரிடம் சில கேள்விகள். தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறானா? வயிறு தொங்கி, முடி மெலிந்திருக்கிறதா? வேறு ஏதாவது மாத்திரை நாள்பட்டுக் கொடுக்கிறீர்களா? தைராய்டு எப்போதாவது பார்த்ததுண்டா?

கோபிக்காரன்:

ஐயா, கை எடுத்துக் கும்பிடுகிறேன். தண்ணீர் ரொம்பக் குடிக்கிறான், வெயில் காலம் என்று நினைத்தோம். வயிறு பெரிசாகத்தான் இருக்கிறது, முதுகில் முடி கொட்டியிருக்கிறது. இன்னொன்று, எனக்கு இது சம்பந்தம் என்று தோன்றாததால் கோவை டாக்டரிடமும் சொல்லவில்லை. தோல் அரிப்புக்கு எட்டு மாதமாக பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்க்கொண்டிருக்கிறது. பத்து நாளைக்கு என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். நிறுத்தினால் ராத்திரி முழுக்கச் சொறிகிறான், அதனால் பழைய சீட்டைக் காட்டியே வாங்கிக்கொண்டிருந்தோம். இன்றைக்கே நிறுத்திவிடட்டுமா?

ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர்:

சட்டென்று நிறுத்தாதீர்கள், இதுதான் முக்கியம். பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு, இத்தனை மாதம் வெளியிலிருந்து அது வந்தால் உடம்பு சொந்தமாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும், ஆபரேஷன் நேரத்தில் திடீரென்று அதுவும் இல்லை என்றால் ரத்த அழுத்தம் விழும். உடனே கோவை டாக்டருக்கு போன் போட்டு இதைச் சொல்லுங்கள். படிப்படியாக எப்படிக் குறைப்பது, ஆபரேஷன் அன்றைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அவர் முடிவு செய்வார். காயம் ஆறுவதையும் இந்த மருந்து தாமதப்படுத்தும், தையல் போடும்போது அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நாய்களுக்கே உரிய ஒரு விஷயம், ஸ்டீராய்டு கொடுத்தாலே ஏஎல்பி ஏறும். அதனால் உங்கள் 1,140-இல் ஒரு பங்கு மாத்திரையால் வந்ததாக இருக்கலாம், அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பிலிருபின் 1.4-ஐயும் ஸ்கேன் படத்தையும் மாத்திரைமேல் போட முடியாது.

தண்ணீர் தாகம், தொங்கிய வயிறு, முடி உதிர்வு மூன்றும் சேர்ந்தால் குஷிங்ஸ் என்ற நோயை, அதாவது உடம்பே ஸ்டீராய்டை அளவுக்கு மீறிச் சுரப்பதை, நினைப்போம். ஸ்டீராய்டு மாத்திரையும் அச்சு அசலாக அதே தோற்றத்தைக் கொண்டுவரும். குஷிங்ஸ், தைராய்டு குறைவு, ரத்தத்தில் கொழுப்பு கூடுவது, இந்த மூன்றும் உள்ள நாய்களுக்கு மியூக்கோசீல் அதிகம் வருகிறது, பொமரேனியன், காக்கர் ஸ்பானியல் மாதிரி சில இனங்களுக்கும் சற்று அதிகம். இப்போதே குஷிங்ஸ், தைராய்டு சோதனை செய்தால் மாத்திரையும் நோயும் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும், தேறிய பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பித்தநீர் குடலுக்குச் சரியாக வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறையாது. தேவைப்பட்டால் முன்கூட்டியே ஊசி போடுவார்கள். பித்தநாளம் திறந்திருக்கிறதா என்று கழுவிப் பார்ப்பது, பித்தநீரைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்புவது, எடுத்த பையோடு ஒரு துண்டு கல்லீரலையும் சோதனைக்கு அனுப்புவது, இதையெல்லாம் அவர்களே செய்வார்கள், இருந்தாலும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செலவு கையை மீறினால் நாமக்கல் கல்லூரி மருத்துவமனையிலும் நாய்களைப் பார்க்கிறார்கள், விசாரியுங்கள்.

சென்னிமலை:

எல்லோருக்கும் வணக்கம். படித்துவிட்டு இங்கே யாராவது பயந்துபோய் ஸ்கேனில் கசடு என்று பார்த்ததுமே ஆபரேஷனுக்கு ஓடிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டு லேப்ரடாருக்கு இப்போது பன்னிரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கசடு என்றார்கள், நகரும் கசடு, பையின் கால் பங்குகூட இல்லை. தைராய்டு பார்த்தார்கள், குறைவாக இருந்தது, அதற்கு மாத்திரை ஆரம்பித்தோம். சாப்பாட்டை மாற்றினோம். முன்பெல்லாம் நான் தறியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் அவனுக்கும் ஒரு கை குழம்புச் சோறு போகும், கறி எடுத்த நாளில் கொழுப்புத் துண்டெல்லாம் அவனுக்குத்தான். இப்போது தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பு எண்ணெய் இல்லாமல் வேக வைத்துக் குழைந்த சோற்றோடு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுகிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். கசடு இன்னும் இருக்கிறது, கூடவில்லை. ஓடி ஆடிக்கொண்டிருக்கிறான்.

ஒன்று மட்டும், ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும் அன்று பன்னிரண்டு மணி நேரம் சாப்பாடு வைக்காதீர்கள். ஒரு தடவை வீட்டில் தெரியாமல் பிஸ்கட் போட்டுவிட்டார்கள், பித்தப்பை சுருங்கிப்போய் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, ஈரோடு வரை போனது வீண்.

கோபிக்காரன்:

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், கையும் காலும் ஓடவில்லை.

ஐயா சொன்ன அன்றே போன் செய்தேன். ஸ்டீராய்டு விஷயத்தைக் கேட்டதும் கோவை டாக்டர், நல்லவேளை சொன்னீர்கள் என்றார். மூன்று நாள் உள்ளே வைத்து டிரிப்ஸ், வாந்திக்கு மருந்து, வைட்டமின் கே ஊசி எல்லாம் கொடுத்து நாலாம் நாள் காலை எடுத்தார்கள். அம்மாவிடம் நொய்யல்கரை அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் சின்னு தலையைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, நானும் கோவைக்கு வரேன் என்று மட்டும் சொன்னார். ஆபரேஷன் நடந்த இரண்டே கால் மணி நேரமும் வாசல் பெஞ்சில் அவனுடைய பழைய துண்டை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் எடுத்த பையை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள். பெரிய நெல்லிக்காய் அளவு, ஒரு பக்கம் சுவர் கன்னங்கரேல் என்று காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. டாக்டர் கத்தியால் கீறினார், பித்தநீர் ஒரு சொட்டுக்கூட வழியவில்லை, கரும்பச்சையாக ஒரு கட்டி அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து தட்டில் உட்கார்ந்தது. தட்டைச் சாய்த்தால் கட்டியும் முழுசாக நகர்ந்தது. அந்தக் கறுத்த இடத்தை விரலால் காட்டி, இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ தாங்கியிருக்கும் என்று தோன்றவில்லை என்றார்.

முதல் இரண்டு நாள் பயமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கவில்லை, கணையத்திலும் கொஞ்சம் வீக்கம் என்றார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அம்மா கூண்டுக்குள் கை விட்டு வெந்த கோழிக்கறியை நூலாகக் கிழித்து நீட்டினார், நக்கினான், ஒரு நூல் உள்ளே போனது, பிறகு இன்னொன்று. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். பிலிருபின் இப்போது 0.4. பித்தநீரில் ஈகோலை என்ற கிருமி வளர்ந்தது, அதற்கு ஏற்ற ஆன்டிபயாடிக் போகிறது. தையல் பிரித்தாயிற்று, ஒரு ஓரத்தில் மட்டும் லேசாகக் கசிவு இருந்து காய்ந்துவிட்டது. செலவு மொத்தம் எழுபத்திரண்டாயிரம் ஆனது, சொன்னதைவிடக் கூடத்தான், கொஞ்சம் கடன்.

ஐயாவிடம் கேட்க இரண்டு விஷயம். அரிப்புக்கு இனி என்ன செய்வது? எண்ணெய் இல்லாத சாப்பாடு ஆயுசுக்கும் வேண்டுமா? அம்மா இப்போதே ஒப்புட்டில் ஒரு விள்ளல் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

நொய்யல்கரை:

தட்டில் வைத்துக் காட்டினார்கள் என்று படித்ததும் அழுதுவிட்டேன். எங்களுக்கும் அப்படி முழுசாகக் காட்டியிருக்கலாம் என்று இருந்தது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவனுக்கு என் பங்குக்கு ஒரு தடவல்.

தோட்டத்து வீடு:

சந்தோஷம் தம்பி. எங்கள் நாய்க்கும் ரத்தம் பார்க்கலாம் என்று நேற்றுக் கூட்டிப்போனேன். எர்லிக்கியாவாம், உண்ணியால் வருவது. மருந்து ஆரம்பித்தாயிற்று. வைத்தியர் ஐயாவுக்கு நன்றி.

ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர்:

ரொம்ப மகிழ்ச்சி. இதில் கண்டம் முதல் இரண்டு வாரம்தான், அதைத் தாண்டிய நாய்கள் பெரும்பாலும் தங்கள் முழு ஆயுளையும் வாழ்கின்றன. பயாப்சி முடிவு வந்ததும் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள், கல்லீரலில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து உர்சோ மாத்திரை எத்தனை நாள் என்று சொல்வார்.

அரிப்புக்கு முதலில் காரணத்தைத் தேட வேண்டும். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு மாதாமாதம் மருந்து போடுகிறீர்களா? நம் ஊர் அரிப்பில் பெரும்பங்கு அதிலேயே அடங்கும். அதற்குப் பிறகும் இருந்தால் ஸ்டீராய்டு இல்லாத வேறு மருந்துகள் இப்போது கிடைக்கின்றன. ஸ்டீராய்டு முழுசாகக் குறைந்து முடிந்து ஒன்றிரண்டு மாதம் போகட்டும், அதன் பிறகும் தண்ணீர் தாகம் நிற்கவில்லை என்றால் குஷிங்ஸ் சோதனை. தைராய்டும் ரத்தக் கொழுப்பும் அப்போதே சேர்த்துப் பார்த்துவிடலாம், கொழுப்புக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். வருடாந்திர தடுப்பூசியில் லெப்டோவும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள், ஆனால் ஊசியை உடம்பு தேறிய பிறகு போடுங்கள்.

சாப்பாடு இதே கொழுப்புக் குறைவான முறைதான், ஆயுசுக்கும். எடையை மெல்ல எட்டரைக்குக் கொண்டுவாருங்கள். ஒப்புட்டு வேண்டாம், நெய்யும் வெல்லமும் அவனுக்கு ஆகாது. அம்மாவுக்குக் கையால் ஏதாவது ஊட்டாவிட்டால் மனசு ஆறாது என்றால், பூசணிக்காயை உப்பில்லாமல் ஆவியில் வேக வைத்துச் சின்ன வில்லையாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கோபிக்காரன்:

இன்றைக்கு மதியம் பூசணி கொடுத்தார் ஐயா. நாலு வில்லை தின்றுவிட்டு அடுப்படி வாசலில் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறான்.